மோர்னிங்சைட் கம்பஸ் நீச்சல் தடாகத்துக்கு வெளியாட்கள் போகலாமா? முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

மல்வேர்ன் அம்மா:

வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும், தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நான் ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் இருக்கிறேன், வேலைக்கு 116 பஸ்ஸில் போய் வருகிறேன். மோர்னிங்சைட் வீதியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ கம்பஸ் வருகிற இடத்தில் பான் ஆம் விளையாட்டு மையம் என்று பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறதல்லவா, அதற்குள் இருக்கிற நீச்சல் தடாகத்துக்கு என்னைப் போன்ற ஆட்கள் போகலாமா? மகள் அந்தக் கம்பசில்தான் முதலாம் வருடம் படிக்கிறாள். "எல்லாரும் வருகிறார்கள் அம்மா, நீங்களும் வாருங்கள்" என்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பல்கலைக்கழக வளவு, ஒலிம்பிக் வீரர்கள் பயிற்சி எடுக்கிற இடம் வேறு, வாசலில் நிறுத்தி யார் நீங்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

எனக்கு வயது 47, நீந்தவே தெரியாது. யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் கிட்டத்தான் வளர்ந்தேன், ஆனால் பெண்பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடமாட்டார்கள். கீரிமலைக்குப் போனாலும் பெண்கள் கேணியில் படியைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறிவிடுவோம், அவ்வளவுதான். தம்பிமார் மட்டும் மற்றப் பக்கம் குதித்துக் குதித்து நீந்துவார்கள்.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். போன சம்மருக்கு பிளஃபர்ஸ் பார்க் ஏரிக்கரைக்குப் போனபோது அவன் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டான். ஒன்றும் நடக்கவில்லை, அவனே திரும்பி வந்தான். ஆனால் அவன் வழுக்கி விழுந்திருந்தால் நான் கரையில் நின்று கத்துவதைத் தவிர என்ன செய்திருப்பேன் என்கிற யோசனை என்னை விடவில்லை. அவனுக்கும் பழக்க வேண்டும், எனக்கும் பழக வேண்டும்.

அதனால் கேட்கிறேன். உள்ளே போக என்ன வேண்டும்? நீச்சல் உடுப்பு என்று கையும் காலும் தெரிகிற மாதிரி நான் போடமாட்டேன், நீளக் காற்சட்டையோடு விடுவார்களா? எல்லாருக்கும் முன்னால் குளிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், உண்மையா? தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா? தண்ணீர் எவ்வளவு ஆழம்? சின்னக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள்.


ஐம்பது மீற்றர்:

அக்கா, தாராளமாகப் போகலாம். யாரும் யார் நீங்கள் என்று கேட்கமாட்டார்கள், காசு கட்டினால் அல்லது வகுப்புக்குப் பதிந்திருந்தால் நீங்களும் மற்றவர்களைப் போல உள்ளே போகிற ஆள். நான் அங்கே கன காலமாகக் காலையில் நீந்துகிறேன், பல்கலைக்கழகத்தோடு எனக்கு ஒரு தொடர்பும் கிடையாது.

அந்தக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. ரொறன்ரோ மாநகரமும் ரொறன்ரோ பல்கலைக்கழகமும் கூட்டாக வைத்திருக்கிற சொத்து அது. 2015 யூலையில் பான் அமெரிக்கன் விளையாட்டு, அதாவது அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் பங்குபற்றுகிற போட்டி, ரொறன்ரோவில் நடந்தபோது நீச்சலும் டைவிங்கும் நடந்தது அங்கேதான். அதற்காகக் கட்டி 2014இலேயே திறந்துவிட்டார்கள். முந்தி அந்த நிலம் குப்பை கொட்டி மூடிய இடம். அதைத் தோண்டிச் சுத்தம் செய்துதான் கட்டினார்கள். நகரத்தின் காசு, மாகாணத்தின் காசு, மத்திய அரசின் காசு, மாணவர்களின் காசு என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. நீங்கள் வரி கட்டுகிறவர், அதனால் தயங்காமல் முன்வாசலால் போங்கள்.

உள்ளே 50 மீற்றர் நீளத்தில் பத்துப் பாதை உள்ள குளம் இரண்டு இருக்கிறது. அதைவிட டைவிங் செய்கிறவர்களுக்கு 10 மீற்றர் மேடையோடு தனியான ஆழக் குளம் ஒன்று. கனடாவின் ஒலிம்பிக் தெரிவுப் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. கனடாவின் நீச்சல் வீராங்கனை சம்மர் மக்கின்ரொஷ் 2023இல் 400 மீற்றர் ஃப்ரீஸ்ரைலிலும் 400 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலிலும் உலக சாதனை செய்ததும், 2024 மே மாதம் அதே கலப்பு நீச்சலை 4 நிமிடம் 24.38 செக்கனில் முடித்துத் தன் சாதனையைத் தானே உடைத்ததும் இந்தத் தண்ணீரில்தான். பென்னி ஒலெக்ஸியாக் 16 வயதில் ரியோ ஒலிம்பிக்குக்குப் போய் நான்கு பதக்கத்தோடு வந்தாரே, அவர் பயிற்சி எடுத்ததும் இங்கே. இதைச் சொல்வது உங்களைப் பயப்படுத்த இல்லை. அப்படிப்பட்ட இடத்தை நாட்டில் எத்தனை சனத்துக்கு பஸ்ஸில் போய் எட்ட முடியும்? எங்கள் ஆட்கள் இவ்வளவு பேர் மோர்னிங்சைட்டிலும் மார்க்கம் வீதியிலும் மல்வேர்னிலும் இருந்துகொண்டு, அதை வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போவது எனக்குப் பெரிய கவலை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிக்கிட முதல் அன்றைய நேர அட்டவணையை இணையத்தில் பாருங்கள். பெரிய போட்டி நடக்கிற நாட்களில் பொதுமக்களின் நேரத்தை நிறுத்திவிடுவார்கள், நீச்சல் கழகப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற மாலை நேரங்களில் பாதைகள் குறையும். அட்டவணையில் "லேன் ஸ்விம்" என்று இருந்தால் அது நீளம் நீளமாக நீந்துகிறவர்களுக்கு, "லெஷர் ஸ்விம்" என்று இருந்தால் அது குடும்பத்தோடு வந்து தண்ணீரில் நின்று பழகுகிறவர்களுக்கு. நீங்கள் தொடக்கத்தில் பார்க்க வேண்டியது இரண்டாவதை. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, அதனால் நான் தொகை எழுதவில்லை, கூப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள். நகரசபையின் வகுப்புகளும் அங்கே நடக்கின்றன, மையம் தானாக நடத்துகிற வகுப்புகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் பதிவு வேறு வேறு. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் நகரசபையிடம் வெல்கம் பொலிசி என்று ஒரு உதவி இருக்கிறது, அதற்கு விண்ணப்பித்து வைத்தால் நகரசபை வகுப்புகளுக்கு அந்தக் காசைப் பாவிக்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம், அது உரிமையாகக் கிடைக்கிற விஷயம்.

காரில் வருகிறவர்களுக்கு: வாகனம் நிறுத்தக் காசு உண்டு, பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கென்னடி ஸ்ரேசன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 905 எக்ஸ்பிரஸ் பஸ் கம்பசுக்கே வரும்.


செம்பருத்தி:

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்தவுடன் எழுத வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் நான் ஐம்பது வயது தாண்டிப் பழகின ஆள். தம்பி நல்லாக எழுதியிருக்கிறார், ஆனால் பெண்களுக்கு மனதில் இருக்கிற கேள்விகள் வேறு. அதை நான் சொல்கிறேன்.

உடுப்பு. நீளக் காற்சட்டை, நீளக் கை எல்லாம் போடலாம், ஆனால் நீந்துவதற்கென்று செய்த துணியாக இருக்க வேண்டும். வீட்டில் போடுகிற பருத்தி ரீசேர்ட்டும் சல்வார் காற்சட்டையும் சரிவராது. அது தண்ணீரைக் குடித்துப் பாரமாகி உங்களைக் கீழே இழுக்கும், நூலும் சாயமும் தண்ணீருக்குள் போகும். அதனால்தான் விடமாட்டார்கள், உடலை மூடுவதற்காக இல்லை. வால்மார்ட்டிலேயே நீந்துகிற லெகிங்சும், ராஷ்கார்ட் என்கிற நீளக்கை மேற்சட்டையும் விற்கிறார்கள். உடம்போடு ஒட்டி நிற்கும் என்று யோசித்தால் மேலே ஒரு நீச்சல் பாவாடை போட்டுக்கொள்ளலாம். முஸ்லிம் சகோதரிகள் தலையும் மூடி முழு உடுப்போடு வருகிறார்கள், அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீருக்குள் இறங்கியபின் கழுத்துக்கு மேலேதான் எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் இருக்கும் இடமே வேண்டாம் என்றால், நகரத்தின் சில தடாகங்களில் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரீஜென்ற் பார்க்கில் யன்னல் திரைகளையும் இறக்கிவிட்டுத்தான் அதை நடத்துகிறார்கள். மல்வேர்னிலிருந்து அது தூரம், ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

குளிப்பது. ஒன்ராறியோவின் பொதுத் தடாக விதிப்படி, இறங்க முதல் சவர்க்காரம் போட்டு வெந்நீரில் உடம்பு கழுவ வேண்டும். ஆனால் உடுப்பைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்று ஒருவரும் கட்டாயப்படுத்துவதில்லை. நான் நீச்சல் உடுப்போடேயே நின்று கழுவுவேன், பலரும் அப்படித்தான். உடுப்பு மாற்றக் கதவுள்ள சின்ன அறைகள் இருக்கும். வீட்டிலிருந்தே உள்ளே நீச்சல் உடுப்பைப் போட்டு, மேலே சாதாரண உடுப்பைப் போட்டுக்கொண்டு போனால் முதல் நாள் பதட்டம் பாதி குறையும். திரும்பி வர உள்ளாடை எடுத்துப்போக மறக்க வேண்டாம்.

தலைமுடி. இது எங்கள் ஆட்களுக்கு முக்கியம். தேங்காயெண்ணெய் வைத்த தலையோடு இறங்க வேண்டாம், அது தண்ணீரின் மேல் படலமாக மிதக்கும், வடிகட்டியையும் கெடுக்கும். முதல் நாள் இரவே முழுகிவிடுங்கள். இறங்க முதல் குழாய்த் தண்ணீரில் தலையை நன்றாக நனைத்துக்கொண்டால் முடி ஏற்கனவே தண்ணீர் குடித்திருக்கும், குளோரின் தண்ணீர் குறைவாகத்தான் ஏறும். நீண்ட முடியை இறுக்கிப் பின்னித் தொப்பிக்குள் விடுங்கள், சிலிக்கன் தொப்பி நல்லது. வெளியில் வந்ததும் மறுபடி கழுவிவிட்டு அப்புறம் எண்ணெய் வையுங்கள். குளிர்காலத்தில் ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு நிற்கவே கூடாது, நன்றாக உலர்த்தி, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

தாலிக்கொடி. கழற்று என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், அது உங்கள் முடிவு. நான் சொல்லக்கூடியது இதுதான்: குளோரின் தங்கத்தோடு கலந்திருக்கிற செம்பையும் வெள்ளியையும் தாக்கும், பற்றாசு வைத்த இடங்கள்தான் முதலில் பலவீனமாகும். எங்கள் கொடிகளில் அந்த இடங்கள் நிறைய. அதைவிட, கையை வீசி நீந்தும்போது நீளக் கொடி கையில் மாட்டும். நான் மாமியோடு கதைத்துவிட்டு வீட்டில் சாமித்தட்டில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். கழற்ற மனம் வராதவர்கள் மெல்லிய மஞ்சள் கயிற்றில் கோர்த்து ராஷ்கார்ட்டுக்கு உள்ளே விடுகிறார்கள், அதுவும் நல்ல வழி. லொக்கரில் மட்டும் நகை வைக்க வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியது: துவாய், தண்ணீரில் நனைந்தாலும் வழுக்காத ரப்பர் செருப்பு, சவர்க்காரம், நீச்சல் கண்ணாடி, லொக்கருக்கு உங்கள் சொந்தப் பூட்டு, ஈர உடுப்புப் போட ஒரு பிளாஸ்ரிக் பை. போக இரண்டு மணித்தியாலம் முன்னம் கனக்கச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு இலகுவாக இருக்கும். மாதவிடாய் நாட்களிலும் போகலாம், ரம்போனோ கப்போ பாவிக்கிறவர்கள் வழக்கம்போல நீந்துகிறார்கள். அதில் பழக்கமில்லை என்றால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் நீந்த முயற்சி செய்ய வேண்டாம். நெஞ்சளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வாயால் மூச்சை எடுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூக்கால் மெதுவாகக் குமிழி விடுங்கள். அது சுகமாக வருகிறவரை வேறு ஒன்றும் தேவையில்லை. எங்களுக்குக் கை கால் பிரச்சினை இல்லை, மூச்சுத்தான் பிரச்சினை. சின்ன வயதிலேயே தண்ணீர் என்றால் மூக்கைப் பொத்து என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். மூச்சைத் தண்ணீருக்குள் விடலாம் என்று உடம்பு நம்பத் தொடங்கியதும், மிதப்பது தானாக வரும்.


மூன்றாம் வருடம்:

வணக்கம் அன்ரி, நான் அதே கம்பசில் படிக்கிறேன். மாணவர்களுக்கு இது கல்விக் கட்டணத்தோடு சேர்ந்து வருகிற கட்டணத்தில் அடங்கும், உங்கள் மகள் மாணவர் அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். 2010இல் ஸ்காபரோ கம்பஸ் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, மூன்று கோடி டொலரை மாணவர் கட்டணத்திலிருந்து தருகிறோம் என்று ஒத்துக்கொண்டுதான் இந்தக் கட்டடம் இங்கே வந்தது. வாக்களித்தவர்களில் நிறையப் பேர் அது திறக்க முதலே படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மரியாதை வருகிறது.

ஆனால் மகளின் அட்டையில் நீங்கள் போக முடியாது, உங்களுக்கும் தம்பிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் நாள் கூட ஒரு ஆள் நின்றால் எது எங்கே என்று தேட வேண்டி வராது. பரீட்சை நடக்கிற நாட்களில் பகல் நேரம் அமைதியாக இருக்கும்.


வைகைக்கரை:

நான் மதுரைப் பக்கம், டொரண்டோ வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லலாமா?

நீச்சலே தெரியாதவருக்கு முதல் இடமாக அந்த 50 மீட்டர் குளத்தை நான் சொல்லமாட்டேன். நான் ஊரில் கிணற்றில் பழகினவன், ஆழம் எனக்குப் பயமில்லை. ஆனால் என் மனைவி அங்கே வந்து அந்த அகலத்தையும் நீளத்தையும் பார்த்தவுடன் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பயிற்சிப் பிள்ளைகள் வேகமாகத் தண்ணீரை அடித்துக்கொண்டு போகிறார்கள், விசில் சத்தம், கூரை உயரம், எல்லாம் சேர்ந்து ஆளை மிரட்டுகிறது. தண்ணீரும் போட்டி நீச்சலுக்கு ஏற்ற மாதிரி சற்றுக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அசையாமல் நின்றால் நடுக்கம் வரும். எல்ஸ்மியர் சாலையில் நகரத்தின் சென்டெனியல் பொழுதுபோக்கு மையம் இருக்கிறது, அங்கே உள்ளது சாதாரண அளவுக் குளம். அப்படி ஒரு சின்ன இடத்தில் மூச்சும் மிதப்பும் பழகிவிட்டு அப்புறம் பெரிய குளத்துக்கு வந்தால் பயம் இருக்காது என்பது என் எண்ணம். என் மனைவி அப்படித்தான் பழகினார், இப்போது அவரே பெரிய குளத்துக்குப் போகலாம் என்கிறார்.


ஐம்பது மீற்றர்:

வைகைக்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது, சின்னத் தடாகம் வீட்டுக்குக் கிட்ட இருந்தால் அது நல்ல தொடக்கம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயுள்ள இரண்டு 50 மீற்றர் குளங்களில் பயிற்சிக் குளத்துக்கு ஏறி இறங்குகிற அடித்தளம் இருக்கிறது. பிள்ளைகளின் வகுப்புக்கும் தொடக்கக்காரருக்கும் தளத்தை மேலே கொண்டுவந்து ஆழத்தைக் குறைத்துவிடுவார்கள். நடுவில் குறுக்குத் தடுப்பு வைத்து நீளத்தையும் பிரிப்பார்கள். அதனால் அக்கா நேரே கால் எட்டாத இடத்தில் இறங்க வேண்டி வராது. இன்றைக்கு எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று லைஃப்கார்ட்டிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், ஒரே இடத்தின் ஆழம் நாளுக்கு நாள் மாறக்கூடும்.

பின்னால் லேன் ஸ்விம்முக்குப் போகும் காலம் வந்தால் இதை நினைவில் வைத்திருங்கள்: மெதுவான பாதை, நடுத்தரம், வேகம் என்று பலகை வைத்திருப்பார்கள். ஒரு பாதையில் பல பேர் நீந்தினால் அடியில் தெரிகிற கறுப்புக் கோட்டுக்கு வலப்பக்கமாகப் போய், திரும்பி வரும்போதும் உங்கள் வலப்பக்கமாகவே வர வேண்டும். களைத்தால் நடுவில் நிற்காமல் சுவர் வரைக்கும் வந்து மூலையில் ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் வருகிறவர் காலைத் தொட்டால் கோபிக்க வேண்டாம், முந்திப் போகக் கேட்கிறார், அடுத்த சுவரில் வழிவிட்டால் போதும்.


விசில் 19:

நான் வேறொரு நகரசபைத் தடாகத்தில் பகுதிநேர லைஃப்கார்ட், அம்மாவும் அப்பாவும் வல்வெட்டித்துறை. என் தமிழ் எழுத்தில் குறை இருந்தால் மன்னிக்கவும். இந்த உரையாடலை அம்மாதான் காட்டினா, நான் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அன்ரி, உங்கள் மகனுக்கு எட்டு வயது என்றபடியால் நீங்களோ வளர்ந்த யாராவதோ அவனோடு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கரையில் கதிரையில் இருந்து பார்ப்பது போதாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இங்கே அப்படித்தான் விதி, நீச்சல் சோதனையில் தேறினால் மட்டும் கொஞ்சம் தளர்த்துவார்கள். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வைத்திருங்கள். கையில் மாட்டுகிற காற்று மிதவைகளை நம்ப வேண்டாம், அது கழன்றுவிடும். லைஃப்ஜாக்கெற் கேட்டால் பெரும்பாலான தடாகங்களில் தருவார்கள்.

தண்ணீரில் மூழ்குகிற ஆள் கத்தி உதவி கேட்பார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கத்துவதற்கு மூச்சு வேண்டும், அவரிடம் அது இருக்காது. தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமத்தும், சத்தமே வராது. சின்னப் பிள்ளை என்றால் சில செக்கன்களில் கீழே போய்விடும். நாங்கள் கதிரையில் இருந்து தேடுவது அதைத்தான். அதனால் தயவுசெய்து போனைப் பார்க்க வேண்டாம், லைஃப்கார்ட் இருக்கிறார்தானே என்று விட வேண்டாம். கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களில் நீந்தத் தெரியாதவர்கள் இங்கே பிறந்தவர்களைவிட அதிகம் என்று, ஆட்கள் தண்ணீரில் மூழ்குவதைத் தடுக்க வேலை செய்கிற லைஃப்சேவிங் சொசைற்றி பல வருடமாகச் சொல்லுகிறது. எங்கள் வீட்டிலேயே எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் நீச்சல் தெரியும்.

அந்தச் சொசைற்றி ஒரு அளவு வைத்திருக்கிறது, "ஸ்விம் டு சர்வைவ்" என்று பெயர். ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வர வேண்டும், ஒரு நிமிடம் அதே இடத்தில் தலையை வெளியில் வைத்து மிதக்க வேண்டும், பிறகு 50 மீற்றர் எப்படியாவது நீந்த வேண்டும். அழகாக நீந்தத் தேவையில்லை. ஒருவர் தவறித் தண்ணீரில் விழுவது அநேகமாகக் கரைக்குக் கிட்டத்தான், இந்த மூன்றும் தெரிந்தால் கரைக்கு வந்துவிடலாம். பான் ஆம் குளத்தின் ஒரு நீளமே 50 மீற்றர், அதனால் உங்களுக்கும் மகனுக்கும் அதையே இலக்காக வையுங்கள்.

சவர்க்காரம் போட்டுக் கழுவுவது பற்றிச் செம்பருத்தி அன்ரி சொன்னா, அதற்குக் காரணமும் சொல்கிறேன். கண் எரிகிறது, மணக்கிறது என்று ஆட்கள் சொன்னால் குளோரின் கூடிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் கிறீமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமீன்தான் அந்த மணம். ஆட்கள் கழுவிவிட்டு இறங்கினால் அது குறையும். பிள்ளைகளை இறங்க முதல் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள், சொறி புண் இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் நின்ற பிறகும் சில நாட்கள் வர வேண்டாம், ஒரு பிள்ளையால் முழுத் தடாகத்தையும் மூட வேண்டி வரும்.

இன்னொன்று, பெடியன்கள் தண்ணீருக்குள் யார் கன நேரம் மூச்சுப் பிடிப்பது என்று போட்டி போடுவார்கள். அதை விடவே கூடாது. வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டுக் கீழே போனால், மூச்சு முட்டுகிற உணர்வு வர முதலே மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் நடக்கும்.

வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்களுக்கு: புரொன்ஸ் மெடாலியன், பிறகு புரொன்ஸ் குரொஸ், அதற்குமேல் நேஷனல் லைஃப்கார்ட் சான்றிதழ் எடுத்தால் நகரசபையில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தடாகக் கரையில் தமிழ் கதைக்கிற ஒருவர் நின்றால் எங்கள் அம்மம்மாமார் இறங்குவார்கள், நான் வேலை செய்கிற இடத்தில் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.


மல்வேர்ன் அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. செம்பருத்தி அக்கா, தாலி பற்றி எழுதியதை அவருக்கும் வாசித்துக் காட்டினேன், மஞ்சள் கயிற்றில் போடு என்று சொல்லிவிட்டார். வைகைக்கரை தம்பி சொன்ன மாதிரி அந்த அகலத்தைப் பார்த்து நானும் மிரளக்கூடும், அதனால் முதலில் மகளோடு போய்ப் பார்வையாளர் பக்கத்தில் இருந்து ஒருதரம் பார்த்துவிட்டு வரப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மகனை என்னோடு பெண்கள் அறைக்குக் கூட்டிப் போகலாமா, எட்டு வயதில் அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. வளர்ந்தவர்களுக்கான வகுப்பு எப்படிப் பதிவது? போன தடவை ஒரு சிநேகிதி முயற்சி செய்தபோது இடமே இல்லை என்று வந்ததாம்.


விசில் 19:

மகனுக்கு: குடும்ப அறை என்று தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள். தாய், தகப்பன், பிள்ளை எல்லாரும் போகக்கூடிய இடம், உள்ளே கதவுள்ள சின்ன அறைகள். பெண்கள் அறைக்கு அவனைக் கூட்டிப் போகத் தேவையில்லை, தனியே ஆண்கள் அறைக்கு அனுப்பவும் வேண்டாம்.

வகுப்புக்கு: நகரசபையின் பதிவு குறித்த நாளில் காலை 7 மணிக்குத் திறக்கும், நீச்சல் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பதிவு நாளுக்கு முன்னமே இணையத்தில் கணக்குத் திறந்து, உங்கள் பெயரையும் மகனின் பெயரையும் சேர்த்து, வேண்டிய வகுப்பின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். 7 மணிக்கு ஐந்து நிமிடம் முன்னம் உள்ளே போய்க் காத்திருங்கள். முதல் தெரிவு நிரம்பினால் உடனே இரண்டாவது தடாகத்தின் இலக்கத்தைப் போடுங்கள், காத்திருப்போர் பட்டியலிலும் பெயரைக் கொடுங்கள். முதல் வாரத்தில் வராமல் விடுகிற ஆட்கள் எப்போதும் இருப்பார்கள், அந்த இடங்களுக்குப் பட்டியலிலிருந்துதான் கூப்பிடுவார்கள். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அந்த வாரம் மட்டும் எடுத்துப் பாருங்கள்.


செம்பருத்தி:

தங்கச்சி, பதிவு நாள் அன்றைக்கு மகளையும் இன்னொரு போனில் இருக்கச் சொல்லுங்கள், ஒருவர் உங்களுக்கும் மற்றவர் மகனுக்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு இடமும் கிடைக்க வாய்ப்பு அதிகம். தாயும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வகுப்பில் இருக்கிற மாதிரி நேரம் கிடைத்தால் விட வேண்டாம், பிள்ளையை யார் பார்ப்பது என்கிற பிரச்சினை இல்லாமல் போகும். இடம் கிடைக்காவிட்டாலும் லெஷர் ஸ்விம்முக்கு வாருங்கள். நான் அநேகமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழம் குறைந்த பக்கத்தில் நிற்பேன், நீலத் தொப்பி. வந்து கதையுங்கள், குமிழி விடுவதை இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்யலாம்.